மறைக்காதீர்கள்

ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் பக்கம் திருவண்ணாமலை என்றால் புரட்டாசி சனிக்கு ஏறும் சீனிவாசப் பெருமாள் மலை. அதே விருதுநகர் மாவட்டத்துத் திருச்சுழியில் 1879-ல் பிறந்த ரமணர் போய்ச் சேர்ந்ததோ அருணாசலேசுவரரின் திருவண்ணாமலை.

அங்கே அவருக்கு இடது முழங்கைப் பக்கம் வந்த சிறு கட்டி, சார்கோமா என்னும் புற்று என்று தெரிந்தது. 1949-ல் மட்டும் நான்கு முறை அறுத்தார்கள். திரும்பத் திரும்ப வளர்ந்தது. கையை எடுத்துவிடலாம் என்றபோது வேண்டாம் என்றுவிட்டார். பார்க்க வந்தவர்களைத் தடுக்கவும் விடவில்லை. 1950 ஏப்ரல் 14, கடைசி நாள் மாலையிலும் வரிசை அறை வாசலைக் கடந்துபோனது.

அவர் ஞானி, நமக்கு ஆகுமா என்பார்கள். ஞானத்தை விடுங்கள், தன் உடம்புக்கு என்ன என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. நம் வீடுகளில் அதுகூடக் கிடையாது. ஸ்கேன் ரிப்போர்ட்டை மகன் பைக்குள் ஒளித்துக்கொண்டு, "வெறும் அல்சர்தாம்பா" என்கிறான். அப்பாவும் நம்புவதுபோல் நடிக்கிறார். பாசம்தான், மறுக்கவில்லை. ஆனால் அப்பாவுக்கு மிஞ்சியிருக்கும் அந்த மூன்று நான்கு மாதம் யாருடையது? விஷயம் தெரிந்தால் அவர் ஒரு நாள் இடிந்து உட்காருவார். மறுநாள் பத்திரத்தை எடுப்பார், பேச்சுவார்த்தை விட்டுப்போன தங்கச்சிக்குப் போன் போடச் சொல்வார்.