கருநீல செட்டியும் ஒரு ஸஹன் இடமும்

 

சென்ற மாதம் யட்டியாந்தோட்டைப் பக்கத்துத் தோட்டப் பகுதியிலிருந்து ஒரு சகோதரி கடிதம் எழுதியிருந்தார். நோன்பு பற்றியோ ஸக்காத் பற்றியோ கேட்டிருப்பார் என்று எண்ணிப் பிரித்தேன். விடயம் வேறு.

"மௌலவி, நேவி புளூ என்று சொல்வார்களே, அந்தக் கடும் நீல நிறத்தில் ஒரு செட்டி வாங்கியிருக்கிறோம். மூன்று பேர் அமரும் நீளமான துண்டு வந்துவிட்டது. தனிக் கதிரை இரண்டும், நடு மேசையும், ஒரு ஷோகேஸும் அடுத்த மாதம் தவணை முறையில் எடுக்க இருக்கிறோம். எங்கள் ஹோல் 10 அடிக்கு 12 அடி. சுவருக்கு என்ன நிறம் அடிக்கலாம்? திரைச்சீலை என்ன நிறத்தில் தைக்கலாம்? கணவர் கட்டாரில் இருக்கிறார். லீவில் வரும்போது அவர் பார்த்துச் சந்தோஷப்பட வேண்டும்."

கடிதத்தை மனைவியிடம் காட்டினேன். "ஒழுங்காக ஓர் ஆணி அடிக்கத் தெரியாத உங்களிடமா இதைக் கேட்டிருக்கிறார்?" என்று சிரித்தார். சிரிப்பில் நியாயமுண்டு. ஆனால் எங்கள் வீட்டிலும் 2012 முதல் ஒரு கருநீல செட்டி இருக்கிறது. அதனோடு நாங்கள் பட்டதும் படித்ததும் கொஞ்சமல்ல. ஆகவே நிறம், துணி பற்றி இங்கே வரும் பதில்கள் என் மனைவியுடையவை. கடைசிப் பதில் மட்டும் என்னுடையது.

வெளிச்சம்தான் முதலாவது அலங்காரம்

கருநீலம் கம்பீரமான நிறம். 1748 ஆம் ஆண்டு பிரித்தானியக் கடற்படை அதிகாரிகளுக்கு அந்த நிறத்தில் சீருடை வகுக்கப்பட்டதால்தான் அதற்கு 'நேவி' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. ஆனால் அந்த நிறத்தின் குணத்தை அறிய நாம் கடலுக்குப் போக வேண்டியதில்லை. இரத்தினபுரி மாணிக்க வியாபாரிகளைக் கேட்டால் போதும்.

1926 இல் பெல்மதுளையில் கிடைத்த 392.52 கரட் நீலக்கல் ஒன்று, 2014 இல் ஜெனீவா ஏலத்தில் 1 கோடியே 70 இலட்சம் அமெரிக்க டொலருக்கு மேல் விலைபோனது. அப்படிப்பட்ட நீலத்தைத் தந்த மண் நம்முடையது. அந்த மண்ணின் வியாபாரி இருண்ட அறைக்குள் வைத்து நீலக்கல்லுக்கு விலை பேசமாட்டார். கல்லைப் பகல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். ஏனென்றால் இருட்டில் கடும் நீலமும் கறுப்பும் ஒன்றுதான்.

உங்கள் செட்டியின் நிலையும் இதுவே. மலைச்சரிவின் கீழ், மரநிழலில், மே மாதம் தொடங்கிவிட்டால் சூரியனைக் காண்பதே அரிதான நம் வீடுகளில், யன்னலுக்குத் தூரமான மூலையில் அதைப் போட்டால் கறுப்புப் பெட்டி போலத்தான் தெரியும். யன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும் சுவரோரமாகப் போடுங்கள். நேர் வெயிலிலும் வேண்டாம், நிறம் மங்கிவிடும். இரவில் மஞ்சள் பல்பின் கீழ் நீலம் செத்துப்போகும். வெள்ளை ஒளி தரும் எல்.ஈ.டி. பல்ப் ஒன்றை மாட்டிப் பாருங்கள், வித்தியாசம் தெரியும்.

சுவர், தரை, திரை, குஷன்

சுவருக்கு வெள்ளை அடியுங்கள். பளீரென்ற வெள்ளையைவிட, ஒரு துளி மஞ்சள் கலந்த வெண்ணெய் நிறம் நல்லது. வெள்ளைச் சுவர் தன்மேல் விழும் ஒளியில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கைத் திருப்பித் தருகிறது. கருநீலத் துணி பத்தில் ஒரு பங்கைக்கூடத் திருப்பித் தருவதில்லை. செட்டி விழுங்கும் வெளிச்சத்தைச் சுவர்தான் ஈடுசெய்ய வேண்டும். பொருத்தமாக இருக்கும் என்று சுவருக்கும் நீலம் அடித்துவிடாதீர்கள். ஹோல் பாதியாகச் சுருங்கியது போலாகிவிடும்.

நம் பகுதியில் பல வீடுகளில் சிவப்புச் சீமெந்துத் தரை இருக்கிறது. சிவப்பும் கருநீலமும் நேருக்கு நேர் முட்டினால் கண்ணுக்கு அலுப்பு. இரண்டுக்கும் நடுவே வெளிர் நிறப் பன்பாய் ஒன்றை விரித்தால் சண்டை தீர்ந்துவிடும். விலையுயர்ந்த காப்பெட் இந்த ஈரத்தில் நாறும். பாயை உதறிச் சுருட்டி வெயிலில் வைக்கலாம்.

திரைச்சீலை மெல்லிய பருத்தியில், வெள்ளையோ வெளிர் மஞ்சளோ. குஷன் உறை மட்டும் கொஞ்சம் துணிச்சலான நிறத்தில் இருக்கட்டும்: கடுகு மஞ்சள், செங்கல் நிறம், இளம் பச்சை. மூன்று குஷன் போதும். அதற்காகக் கடைக்கு ஓடாதீர்கள். பழைய சாரியும் பழைய திரையும் இருக்கின்றனவே. அன்னை ஆயிஷா (ரழி) அவர்கள், நபி (ஸல்) அவர்கள் விரும்பாத உருவத் திரையை வீசிவிடாமல், வெட்டிச் சாய்வணைகளாக்கிக் கொண்ட செய்தி புஹாரியிலும் முஸ்லிமிலும் வருகிறது. சிக்கனத்தில் நமக்கு அதைவிட நல்ல முன்மாதிரி வேண்டுமா?

மரச்சாமான் ஏதும் சேர்ப்பதாக இருந்தால் பலா மரத்தின் மஞ்சளும், பிரம்பின் பொன்னிறமும் கருநீலத்தோடு நன்றாகச் சேரும். கொழும்பு - கண்டி வீதியில் வேவல்தெனியவைக் கடப்பவர்கள் வீதியோரம் தொங்கும் பிரம்புச் சாமான்களைக் கண்டிருப்பீர்கள். இலேசான ஒரு பிரம்பு முக்காலி, பாரமான கண்ணாடி மேசையின் வேலையைச் செய்யும். வேண்டாதபோது ஒரு கையால் தூக்கி அப்பால் வைத்துவிடலாம். மூலைக்கு ஓர் அந்தூரியச் சாடி வையுங்கள். நம் மழைக்கும் நிழலுக்கும் அது தானாகவே செழிக்கும்.

மழையும் வெள்ளைச் சீருடையும்

இரத்தினபுரியில் வருடத்துக்கு 3500 மில்லிமீற்றருக்கும் மேல் மழை பெய்கிறது. கேகாலை மலைப் பகுதிகளும் அதற்குப் பெரிதாக இளைத்தவையல்ல. இந்த ஈரத்தைக் கொழும்புக் கடைக்காரர் கணக்கில் எடுப்பதில்லை. நாம் எடுக்க வேண்டும்.

செட்டியைச் சுவரோடு ஒட்டிப் போடாதீர்கள். நான்கு விரற்கடை இடைவெளி விட்டால் காற்று போகும், முதுகுப் பக்கம் பூஞ்சணம் பிடிக்காது. அடியில் தும்புத்தடி நுழையுமளவு கால் உயரம் வேண்டும். குஷன்களை வெயில் காணும் நாட்களில் வெளியே எடுத்து நிமிர்த்தி வையுங்கள். இலேசான பூஞ்சணமென்றால் காய்ந்த தூரிகையால் வெளியில் வைத்துத் தட்டிவிட்டு, வினாகிரி கலந்த நீரில் பிழிந்த துணியால் துடைத்து உடனே காயவிடுங்கள். முதலில் கண்ணில் படாத ஓரத்தில் துடைத்துப் பார்ப்பது நல்லது.

தோல் போலத் தோன்றும் றெக்சின் வகைகளைப் பார்த்து ஏமாற வேண்டாம். அவற்றுள் பலவற்றின் மேற்பூச்சை ஈரக்காற்று மெதுவாக அரித்துவிடும். சில வருடங்களில் செதில் செதிலாக உரியும். சிப் வைத்த, கழற்றித் துவைக்கக்கூடிய துணி உறையே நமக்கு உகந்தது.

இன்னொன்று, இதை எங்கள் பிள்ளைகளிடம் படித்தோம். கருநீலத் துணி சில வேளை சாயம் விடும். வெள்ளைப் பாடசாலைச் சீருடையோடு மகன் வந்து சாய்ந்தான், எழுந்தபோது முதுகில் நீலம். வாங்குமுன் ஒரு வெள்ளை லேஞ்சியை நனைத்துத் துணியில் நன்றாகத் தேய்த்துப் பாருங்கள். லேஞ்சி நீலமானால் அந்தத் துணி உங்கள் வீட்டுக்கு வேண்டாம். ஏற்கனவே வாங்கிவிட்டவர்கள் மேலே ஒரு வெளிர் விரிப்பைப் போட்டுக்கொள்ளலாம்.

அளந்து பார்த்தால்

மனைவியின் பதில்கள் முடிந்தன. இனி என்னுடையது.

சகோதரி, உங்கள் ஹோல் 10 அடிக்கு 12 அடி. வெள்ளைக்காரன் காலத்து லயத்தில் ஒரு குடும்பம் முழுவதும் வாழ்ந்த காம்பராவின் அளவும் பெரும்பாலும் இதுதான். இந்திய வீடமைப்புத் திட்டத்தில் தோட்டங்களில் கட்டப்பட்ட புதிய வீடுகளும் மொத்தமே 550 சதுர அடிதான். நம் பகுதியில் ஹோல் என்றால் பெரும்பாலும் இவ்வளவே. இப்போது கூட்டிப் பாருங்கள். நீள செட்டி ஒரு சுவரோரம் 3 அடி எடுக்கும். எதிர்ச் சுவரில் ஷோகேஸ் 1½ அடி. 10 அடி அகலத்தில் மிச்சம் 5½ அடி. அதற்குள் நடு மேசை. இரண்டு பக்கமும் தனிக் கதிரைகள். ஆள் நடக்கச் சந்து மட்டும் மிஞ்சும்.

இந்த ஹோலில் ஆறு பேர் சுற்றியமர ஒரு ஸஹன் வைக்க முடியுமா? குடும்பமாக நின்று ஜமாஅத்தாகத் தொழ ஒரு ஸப் கட்ட முடியுமா? நான் இதை வாயால் மட்டும் கேட்கவில்லை. பட்டுத்தான் கேட்கிறேன்.

என் வாப்பா தோட்டச் சந்தியில் சின்னக் கடை வைத்திருந்தார். லயத்து மக்களுக்கு அவர் 'கடை நானா'. சம்பள நாள் வரை பற்றுக் கொப்பியில் எழுதி அரிசியும் மாவும் கொடுத்து முப்பது வருடம் ஓடியது. அவருடைய விருந்தாளிகளும் அவர்களே. தீபாவளிக்குப் பலகாரத் தட்டோடு வருவார்கள். எங்கள் ஹோலில் பாயில் அமர்ந்து தேத்தண்ணி குடித்துவிட்டுப் போவார்கள்.

2012 இல் வீட்டைத் திருத்தினோம். நான் ஆசைப்பட்டு முழு செட்டையும் எடுத்தேன். நீளத் துண்டு, இரண்டு தனிக் கதிரை, கண்ணாடி மேசை எல்லாமே வந்தன. வாப்பா ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு மகன். பாயை எங்க விரிக்கிற?" என்று கேட்டார். நான் சிரித்துச் சமாளித்தேன். அதற்குப் பிறகு லயத்துப் பெண்கள் வந்தால் வாசற்படியிலேயே நின்று பேசிவிட்டுப் போனார்கள். 'உள்ளே வாங்க' என்றால், "கால் எல்லாம் சேறுங்க" என்பார்கள். முன்பும் கால் சேறாகத்தான் இருந்தது. அப்போது வந்தார்களே என்று எனக்கு உறைக்கவில்லை.

2013 ஜூன் மாதம், நல்ல மழைக்காலம், வாப்பா மௌத்தானார். ஜனாஸாவை வைக்க ஹோலில் இடமில்லை. கதவு நிலை வைக்குமுன் உள்ளே வந்த செட்டி, இப்போது நிலைக்குள்ளால் போக மறுத்தது. ஐந்து பேர் சேர்ந்து கால்களைக் கழற்றி, நிமிர்த்தி, சரித்து, அதை வெளியே எடுக்கும் வரை வாப்பாவின் உடல் உள்ளறைக் கட்டிலிலேயே கிடந்தது. வெளியே கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு வந்த பெண்கள் மழையில் நின்றார்கள். விறாந்தையில் நிற்கட்டும் என்றால், அங்கே நாங்கள் இறக்கிய கதிரைகள். வயதான ஓர் அம்மாவிடம் போய், "மன்னிச்சிக்கொள்ளுங்க, இடமில்லாமப் போச்சு" என்றேன். "பரவாயில்லீங்க தம்பி. நமக்கு மழை பழக்கம்தானே" என்றார்.

அந்த வார்த்தை இன்றும் என் காதில் இருக்கிறது. மகனுக்கு ஆறுதலாகத்தான் சொன்னார். ஆனால் முப்பது வருடம் வாப்பாவின் பாயில் அமர்ந்தவர், அவரைக் கடைசியாகப் பார்க்க வந்த அன்று நனைந்துகொண்டு நின்றது என் ஆசையால்.

ஒரு வீட்டுக்கு எத்தனை விரிப்பு வேண்டும் என்று எண்ணிக் காட்டிய ஹதீஸ் முஸ்லிமில் இருக்கிறது. கணவனுக்கு ஒன்று, மனைவிக்கு ஒன்று, மூன்றாவது விருந்தாளிக்கு. நான்காவது ஷைத்தானுக்குரியது என்று அங்கே எச்சரிக்கப்படுகிறது. அதை வகுப்பில் எத்தனையோ முறை பாடமெடுத்திருக்கிறேன். என் ஹோலில் நான்காவதை வாங்கி வைத்து, மூன்றாமவரின் இடத்தை நான் அடைத்துவிட்டதை அன்றுதான் கண்டேன்.

நாற்பதாம் நாள் கழிந்ததும் தனிக் கதிரைகளையும் கண்ணாடி மேசையையும் விற்றோம். மழையில் நனைந்த நீள செட்டிக்கு ஸ்பொஞ்சை மாற்றி, கழற்றித் துவைக்கும் உறை போட்டோம். நிறம் அதே கருநீலம். உம்மா அதைத்தான் விரும்பினார். இன்று அது ஒரு சுவரோரம் இருக்கிறது. எதிரே வெறும் பாய். பொருள் குறைந்த பிறகுதான் அந்த நீலம் அழகாகத் தெரிகிறது என்பது என் மனைவியின் தீர்ப்பு.

ஆகவே சகோதரி, அடுத்த மாதத் தவணைக்கு இன்னும் கையெழுத்திடவில்லை என்றால் ஒரு காரியம் செய்யுங்கள். பிள்ளையிடம் ஒரு வெண்கட்டி வாங்கி, வரவிருக்கும் கதிரை, மேசை, ஷோகேஸ் ஒவ்வொன்றின் அளவையும் தரையில் கோடாக வரையுங்கள். அந்தக் கோடுகளை மிதிக்காமல் ஒரு வாரம் ஹோலில் புழங்குங்கள். அதற்குள்ளேயே தொழுங்கள், பிள்ளைகளுக்குச் சோறு போடுங்கள், வரும் பெண்களை உள்ளே அழையுங்கள். வாரக் கடைசியில் எந்தக் கோட்டை அழிப்பது என்று உங்களுக்கே தெரியும். கடைக்காரரிடம் சொல்ல வேண்டியதும் தெரிந்துவிடும்.

மிஞ்சும் தவணைப் பணத்தைக் கணவரிடம் கணக்குக் காட்டுங்கள். கட்டார் வெயிலில் உழைக்கும் மனிதர், செட்டியைவிட அதைக் கண்டு சந்தோஷப்படுவார். லீவில் வந்ததும் அந்த நீல செட்டிக்கு முன்னால் பாயை விரித்து, ஒரு ஸஹன் வைத்து, அயலாரையும் அழைத்து அமருங்கள்.

அல்லாஹ் உங்கள் வீட்டில் பரக்கத் செய்வானாக. வஸ்ஸலாம்.