வேண்டும், வேண்டாம் என்பதற்கு மேல்

இங்கிலாந்தில் ஒரு வீட்டுக்குப் புது பாய்லர் போடும்போது அறை தெர்மோஸ்டாட்டுக்கு நாம் ஒதுக்கும் நேரம் மிகக் குறைவு. எரிவாயு அழுத்தம், புகைக்குழாய், கசிவு என எல்லாவற்றையும் கவனமாகச் சோதித்துவிட்டு, கிளம்பும் அவசரத்தில் கடைசியாக அதன் கம்பிகளைத் திருகிவிட்டு வருகிறோம். அந்த வீட்டின் எரிவாயு பில்லில் அந்தக் கம்பிகளுக்கும் கணிசமான பங்கு உண்டு.

பழைய ஆன்-ஆஃப் தெர்மோஸ்டாட்டுக்குச் சூடு வேண்டும், வேண்டாம் என்பதற்கு மேல் எதுவும் சொல்லத் தெரியாது. அறை குளிர்ந்தால் அதன் தொடர்பு மூடும், மோட்டார் வால்வு திறக்கும், வால்வுக்குள் இருக்கும் சுவிட்ச் ஆரஞ்சுக் கம்பி வழியாக பாய்லரையும் பம்பையும் எழுப்பும். கேட்ட சூடு வந்ததும் எல்லாம் நிற்கும். ஆனால் ரேடியேட்டரில் தேங்கிய வெந்நீர் சூட்டை விட்டுக்கொண்டே இருப்பதால் அறை அளவைத் தாண்டிப் போகும். இதைத் தடுக்கத்தான் ஈருலோகப் பட்டைக்கு அருகில் ஒரு சின்ன மின்தடையை வைத்தார்கள். சூடு கேட்கும் நேரமெல்லாம் அது பட்டையைக் கொஞ்சம் கூடுதலாகச் சூடாக்கி, தொடர்பை முன்கூட்டியே பிரித்துவிடும். அந்த மின்தடைக்கு நியூட்ரல் வேண்டும். எத்தனை வீடுகளில் அந்த முனை காலியாகக் கிடக்கிறது! நியூட்ரல் இல்லாமலும் பாய்லர் எரிந்து அணைவதால் யாரும் கண்டுகொள்வதில்லை. அறை மட்டும் இரண்டு டிகிரிக்கு மேல் ஏறி இறங்கும். குளிர் தாங்காத வீட்டுக்காரர் சீக்கிரம் சூடாகட்டும் என்று 25க்குத் திருப்புவார். அதனால் அறை வேகமாகச் சூடாகாது, நேரம் கழித்துத்தான் அணையும்.

மின்னணு தெர்மோஸ்டாட்டுகள் இந்த ஏற்ற இறக்கத்தைப் பெருமளவு அடக்கிவிட்டன. எரிவாயு பாய்லரை மணிக்கு 6 முறை என்ற கணக்கில், தேவைக்கேற்ற நீளத்துக்கு எரியவிடுகின்றன. ஆனால் எரியும் ஒவ்வொரு முறையும் நீர் எவ்வளவு சூடாகக் கிளம்ப வேண்டும் என்பதில் அவற்றுக்குப் பேச்சே இல்லை. அது பாய்லரின் முகப்பில் யாரோ வைத்த 75 அல்லது 80 தான். கண்டென்சிங் பாய்லரில் திரும்பிவரும் நீர் சுமார் 55 டிகிரிக்குக் கீழே வந்தால்தான் புகையில் உள்ள நீராவி நீராகி, அதன் வெப்பம் நமக்குக் கிடைக்கும். 80இல் அனுப்பி 60இல் திரும்பினால் அந்த வெப்பம் புகைக்குழாய் வழியே வெளியே போகிறது.

2018 ஏப்ரலில் வந்த பாய்லர் பிளஸ் விதி, காம்பி பாய்லருக்கு நான்கு கூடுதல் ஏற்பாடுகளில் ஒன்றைக் கட்டாயமாக்கியது. அவற்றில் இரண்டு, வெளி வெப்பநிலையையோ அறையின் தேவையையோ பார்த்து நீரின் சூட்டையே மாற்றுபவை. நம்மில் பலர் இவற்றை விட்டு ஸ்மார்ட் தெர்மோஸ்டாட்டைத் தேர்ந்து, அதையும் ரிலேயில் ஆன்-ஆஃபாக இணைக்கிறோம். விதி நிறைவேறிவிடுகிறது, பயன் பாதியில் நிற்கிறது. பல பாய்லர்களிலும் தெர்மோஸ்டாட்டுகளிலும் ஓப்பன்தெர்ம் முனை இருக்கிறது. இரண்டு கம்பிதான். இணைத்தால், அறை கேட்ட அளவை நெருங்க நெருங்க நீரின் சூடு தானாகத் தணியும், பாய்லர் அடிக்கடி அணையாமல் தாழ்ந்து நிதானமாக எரியும். இரண்டு கருவிகளிலும் இந்த வசதி இருந்தால் ரிலேயைத் தேடுவதற்குக் காரணமே இல்லை என்பது எங்கள் கருத்து.

எல்லா வீட்டிலும் இது கண்ணை மூடிச் செய்கிற வேலையும் அல்ல. ரேடியேட்டரின் வெப்பத்திறன் 75/65 நீருக்கும் 20 டிகிரி அறைக்கும் குறிக்கப்படுவது. 55/45இல் ஓட்டினால் அதில் ஏறக்குறைய பாதிதான் கிடைக்கும். ஆகவே அறைவாரியாக வெப்ப இழப்பைக் கணக்கிட்டே ஆக வேண்டும். வெந்நீர்த் தொட்டி உள்ள வீட்டில், லெஜியோனெல்லா கிருமி வளராதிருக்கத் தொட்டி நீர் 60 டிகிரியைத் தொட வேண்டும். அதற்குத் தனிச் சூடும் முன்னுரிமையும் தரக்கூடிய பாய்லர் வேண்டும். தெர்மோஸ்டாட் இருக்கும் அறையின் ரேடியேட்டரில் தனி வெப்ப வால்வு வைக்கக் கூடாது என்பதையும் மறக்க வேண்டாம். இரண்டும் ஒன்றோடொன்று மல்லுக்கு நிற்கும்.

வேலையை ஒப்படைக்கும்போது வீட்டுக்காரரிடம் ஒன்றைச் சொல்லிவிடுங்கள்: இனி ரேடியேட்டர் கை சுடுமளவுக்குக் கொதிக்காது, வெதுவெதுப்பாக நெடுநேரம் இருக்கும், அறை 20இல் நிற்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதும். சொல்லாமல் வந்தால் அந்த வாரமே, பாய்லர் சரியில்லை என்று போன் வரும். பிறகு நாமே போய் அதை 75க்கு ஏற்றிவிட்டு வருவோம்.