ஆடுவது யார்?

நாமக்கல் மாமாவிடம் இருப்பது ஒரே ஒரு லாரி. அதை அவர் லாரி என்று சொல்வதில்லை. 'பெரியவன்' என்பார். சின்னவன், பி.காம். முடித்துவிட்டு வீட்டில் இருக்கும் அவர் மகன். இரண்டு பேரில் சம்பாதிப்பது பெரியவன்தான் என்பதால் மரியாதையும் அவனுக்கே.

பெரியவனுக்கு 18 வயசு. ஓட்டுப் போடலாம். ஆனால், நேராகத்தான் போக மாட்டேன் என்கிறான்.

"ரோட்டுல பாம்பாட்டம் போவுதுங்க. ஸ்டியரிங்கைத் திருப்புனா, கொஞ்ச நேரம் யோசிச்சு அப்புறம்தான் வண்டி திரும்புது" என்றார் டிரைவர். எங்கள் ஆபீஸில் ஃபைல்கள் அப்படித்தான் நகரும் என்பதால், எனக்கு அது ஒரு வியாதியாகவே படவில்லை.

ஒரு பட்டறையில் காட்டினார்கள். நின்றபடியே எட்டிப் பார்த்து, "ஸ்டியரிங் பாக்ஸ் போச்சு, மாத்திடுங்க" என்று தீர்ப்பு. அதுவரை சமாளிக்க, பாக்ஸில் இருக்கும் அட்ஜஸ்ட்மென்ட் ஸ்க்ரூவை ஒரு முறுக்கு முறுக்கி அனுப்பினார்கள். பலன்? ஆட்டம் அப்படியே இருந்தது. கூடவே ஸ்டியரிங் இறுகிப்போய், வளைவில் திருப்பினால் தானாக நேருக்கு வர மறுத்தது.

புது பாக்ஸின் விலையைக் கேட்டதும் மாமாவின் பார்வை அத்தையின் வளையல் பக்கம் திரும்பியது. அது மட்டும் யோசிக்காமல் திரும்பும்.

இரண்டு நாளில் பெங்களூருக்கு லோடு. வரும்போது தொப்பூர் இறக்கம். தர்மபுரியிலிருந்து சேலம் வருகிற லாரிக்காரர்கள் சாமியை நினைத்துக்கொள்ளும் இடம். 'யோசித்துத் திரும்பும்' வண்டியோடு அங்கே இறங்குவதைப் பற்றி டிரைவர் எதுவும் சொல்லவில்லை. "எனக்கு ரெண்டு பொண்ணுங்க இருக்குதுங்க" என்று மட்டும் சொன்னார்.

கடைசியில் ஒரு வயசான மேஸ்திரியிடம் போனோம். அவர் வண்டியைத் தொடவே இல்லை. முதலில் முன் டயர் இரண்டிலும் காற்றைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அங்கே வேலை இல்லாமல் நின்றது நான் ஒருவன்தான்.

"தம்பி, மேல ஏறி உக்காருங்க. இஞ்சின் வேண்டாம். சக்கரம் தரையிலயே இருக்கட்டும். ஸ்டியரிங்கை மெதுவா அந்தப் பக்கம், இந்தப் பக்கம் ஆட்டுங்க."

பவர் ஸ்டியரிங் இல்லாத பழைய வண்டி. அதனால் இஞ்சினை ஓடவிடாமலே சோதிக்கலாம். சாக்பீஸால் ஸ்டியரிங்கில் ஒரு கோடு போட்டார். முன் சக்கரம் அசைய ஆரம்பிக்கும்வரை அந்தக் கோடு எவ்வளவு தூரம் சும்மா நகர்கிறது என்பதுதான் கணக்கு. 1989-ம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகளில் 98-வது விதி, இந்த ஆட்டம் 30 டிகிரியைத் தாண்டக் கூடாது என்கிறது. கடிகாரத்தில் பன்னிரண்டிலிருந்து ஒன்று வரை. பெரியவன் இரண்டைத் தொட்டான்!

மேஸ்திரி சாக்கை விரித்து அடியில் படுத்துக்கொண்டார். நான் ஆட்ட, அவர் பார்த்தார். பத்து நிமிஷம் பேச்சே இல்லை. அப்புறம் என்னையும் உள்ளே கூப்பிட்டார். சட்டை போனால் போகட்டும் என்று நுழைந்தேன்.

"ஸ்டியரிங் பாக்ஸுக்குத் தருது. பாக்ஸ் டிராப் ஆர்முக்குத் தருது. அது டிராக் லிங்க்குக்கு, அது சக்கரத்துக்கு. இந்தச் சக்கரத்துலருந்து அந்தச் சக்கரத்துக்கு டை ராடு கொண்டுபோகுது. ஒருத்தன் தர்றான், அடுத்தவன் வாங்கறான். எங்க தந்தது வந்து சேரலையோ, அங்கதான் திருடன் இருக்கான்."

டை ராடு எண்டுகளில் ஆட்டம் இல்லை. அடுத்து, முன்பக்கம் ஜாக்கி வைத்துத் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து உலுக்கினார். லேசான ஆட்டம். "பிரேக்கை மிதிங்க" என்றார். மிதித்ததும் ஆட்டம் நின்றது. "அப்ப இது வீல் பேரிங். டைட் வெச்சா சரியாயிடும். மிதிச்சும் ஆடுச்சுன்னா கிங் பின்."

வண்டியை இறக்கி, மறுபடி என்னை மேலே அனுப்பினார். இந்தத் தடவை பாக்ஸும் சேஸிஸும் சேருமிடத்தில் விரலை வைத்துக்கொண்டார்.

"நிறுத்துங்க! புடிச்சுட்டேன்."

நான் திருப்பும்போதெல்லாம் டிராப் ஆர்ம் நகர்வதற்கு முன்னால் பாக்ஸே நகர்ந்துகொண்டிருந்தது. பாக்ஸுக்குள் ஒரு குறையும் இல்லை. அதை சேஸிஸோடு பிடிக்கும் போல்ட்டுகள்தான் லூஸ். போல்ட் தலையைச் சுற்றிக் குங்குமம் வைத்த மாதிரி செந்தூள். டீசல் துணியால் துடைத்தார். போல்ட் ஓட்டை நீளவாக்கில் தேய்ந்திருந்தது. அதன் ஓரத்திலிருந்து சேஸிஸில் தலைமுடி கனத்துக்கு ஒரு விரிசல் புறப்பட்டிருந்தது. டிரைவர் குனிந்து அதைப் பார்த்தார். ரொம்ப நேரம் நிமிரவில்லை.

புது பாக்ஸ் வாங்கி, அதே ஓட்டையில் மாட்டி, தொப்பூர் இறங்கியிருந்தால்..?

விரிசல் முடியும் இடத்தில் சின்ன ஓட்டை போட்டு, அது மேலே ஓடாமல் நிறுத்தி, வெல்டிங் வைத்து, தகடு கொடுத்து, புது போல்ட் மாட்டினார்கள். முறுக்கிய ஸ்க்ரூவைப் பழையபடி தளர்த்தினார் மேஸ்திரி. மறுநாள் சாயங்காலம் கோடு பன்னிரண்டரையோடு நின்றது. பேரிங் டைட்டும் சேர்த்து ஆன செலவு, புது பாக்ஸ் விலையில் எட்டில் ஒரு பங்குகூட இல்லை. வளையல்கள் கையிலேயே தங்கின.

ஊர் திரும்பியதும் என் ஸ்கூட்டரின் ஹேண்டில்பார் ஆடியது. இப்போது நான் அரை மேஸ்திரி அல்லவா? மெக்கானிக் பையனிடம் கம்பீரமாகச் சொன்னேன்: "கோன் செட் தேஞ்சிருக்கு. மாத்திடு."

அவன் முன் டயரைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தான்.

"சார், காத்தே இல்ல சார்!"