வண்டியைச் சோதியுங்கள், வம்சத்தைக் கேளாதீர்!

ஒரு மோட்டார் வண்டி வீதிக்கு வருமுன் அரசாங்கம் கேட்க வேண்டிய கேள்விகள் சிலவே. நிறுத்தினால் நிற்குமா? இருளில் வழி தெரிய விளக்கு உண்டா? அளவுக்கு மிஞ்சிப் புகை கக்குமா? களவாடிய பொருளா? இவற்றுக்கு விடை கண்ட பின்னரும், "நீ எந்தத் தொழிற்சாலையின் பிள்ளை? எந்த ஆண்டிலே பிறந்தாய்?" என்று குலம் கோத்திரம் விசாரிக்கும் சட்டம், நேர்மையாளனையும் பொய்யனாக்கும் சட்டமே என்பது எமது துணிபு.

இதற்குச் சான்றாக அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தை எடுத்துக்கொள்வோம். வீட்டுக் கொட்டிலிலே வேக வண்டி கட்டும் கலை செழித்த மண் அது. 1932ஆம் ஆண்டில் போர்ட் நிறுவனம் எட்டு உருளை இயந்திரம் பூட்டிய மலிவான கார் ஒன்றை வெளியிட்டது. அத்தகைய பழைய கார்களை வாங்கி, வேண்டாத தகடுகளைக் கழற்றிவிட்டு, இயந்திரத்தின் வலுவைக் கூட்டி, மியூரொக், எல் மிராஜ் என்னும் வறண்ட ஏரிப் படுகைகளிலே இளைஞர் ஓட்டிப் பார்த்தனர். அவ்வண்டிகளே 'ஹொட் ரொட்' எனப்பட்டன. 1937இல் அவர்களுக்குச் சங்கம் பிறந்தது. 1948இல் அப்பெயரிலேயே சஞ்சிகையும் பிறந்தது.

அந்த மண்ணிலேயே இன்று தன் கையால் வண்டி கட்டியவன் படும் பாடு என்ன? வாங்கிய உதிரிப் பாகங்களுக்கெல்லாம் பற்றுச்சீட்டு வேண்டும். வண்டியைக் கட்டியது தானே என்ற எழுத்துமூலக் கூற்று வேண்டும். தடுப்பும் விளக்கும் பழுதில்லை என்ற அத்தாட்சி வேண்டும். அடையாள இலக்கம் இல்லையேல் நெடுஞ்சாலைப் பொலிசார் பரிசோதித்து இலக்கம் வழங்க வேண்டும். இவை யாவும் நியாயமே. இவற்றை நாம் குறைகூறோம்.

அதன் பின்னர் வருவதுதான் வேடிக்கை. 2001ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டமொன்றின்படி, ஆண்டொன்றுக்கு முதலில் விண்ணப்பிக்கும் 500 பேருக்கு மாத்திரமே தனிச் சலுகை உண்டு. உடலின் தோற்றம் எந்த ஆண்டின் காரை ஒத்திருக்கிறதோ அந்த ஆண்டுக்குரிய புகை விதியை அவர்கள் ஏற்கலாம். அன்றேல் இயந்திரத்தின் ஆண்டைக் கொள்ளலாம். எந்தக் காரையும் ஒவ்வாத உடலாயின் அது 1960ஆம் ஆண்டின் வண்டியாகக் கருதப்படும். 501ஆம் ஆளுக்கோ இச்சலுகை இல்லை. மூன்று கோடிக்கு மேற்பட்ட வாகனங்கள் பதிவாகியுள்ள மாநிலத்திலே கைத்தொழிலாளனுக்கு ஒதுக்கிய இடம் ஐந்நூறு!

500ஆம் வண்டிக்கும் 501ஆம் வண்டிக்கும் ஒரே இயந்திரம் பூட்டியிருந்தால் இரண்டும் ஒரே புகையைத்தானே விடும்? முன்னதை அனுமதித்துப் பின்னதைத் தடுப்பது வரிசையில் நின்ற இடமேயன்றி வேறென்ன?

இதன் விளைவு யாது? 1975ஆம் ஆண்டுக்கும் அதற்கு முந்திய ஆண்டுகளுக்கும் உரிய வண்டிகளுக்கு அங்கே புகைச் சோதனை இல்லை. ஆகவே நேற்று அச்சில் வார்த்த கண்ணாடியிழை உடலைப் "போர்ட், 1932" என்று எழுதிக் கொடுத்தோர் பலர். போர்ட் நிறுவனம் அந்த ஆண்டில் செய்தவற்றிலும் பார்க்க அதிகமான 1932ஆம் ஆண்டுக் கார்கள் இன்று ஓடுகின்றன என்பது அவ்வட்டாரத்து நகைமொழி. நகைப்புக்குப் பின்னாலோ சிறைக்கதவு இருக்கிறது; பொய்ச் சான்று குற்றமன்றோ? பொய்யுரைத்தவனுக்காக நாம் வாதாடவில்லை. மெய்யுரைப்போனுக்கு வாயிலை ஒடுக்கிவிட்டுப் பொய்யுரைப்போனுக்கு வேலியில் பொட்டு விட்ட சட்டத்தையே சாடுகின்றோம்.

"நகரத்துக் காற்று நஞ்சானால் பொறுப்பு யார்?" என்று கேட்பர். லொஸ் ஏஞ்சல்ஸ் நகரம் புகைமூட்டத்தால் பட்ட துன்பத்தை நாம் மறக்கவில்லை. புகையே கவலையாயின் ஒவ்வொரு வண்டியின் புகையையும் அளக்கட்டும். ஒரே அளவுகோலை எல்லோருக்கும் பிடிக்கட்டும். களவே கவலையாயின் பற்றுச்சீட்டைப் பார்க்கட்டும். எண்ணிக்கைக்கு வரம்பு கட்டுவதால் தடுப்பு இறுகுமா? விளக்கு ஒளிருமா?

வேறு வழி இல்லையென்று சொல்ல இயலாது. நியூசிலாந்திலே கட்டிய வண்டியையும் மாற்றியமைத்த வண்டியையும் அதற்கென அதிகாரம் பெற்ற பரிசோதகர் ஆராய்கின்றார். தேறிய வண்டிக்கு விபரம் பொறித்த தகடு பொருத்தப்படுகின்றது. அந்த விதிகளை வகுக்கும் அமைப்பிலே வண்டி கட்டுவோரின் சங்கங்களும் அங்கம் வகிக்கின்றன. பிரித்தானியாவிலே, வயது நிறுவ முடியாத வண்டிக்குக் 'கியூ' எழுத்தில் தொடங்கும் இலக்கம் கொடுத்து உண்மையை உள்ளபடியே எழுதிவிடுகின்றனர். வயதைக் குறித்துப் பொய் சொல்லும் தேவையே அங்கு ஒழிகின்றது.

கலிபோர்னியாவின் வழக்கு எமக்கேன் என்று வாசகர் வினவலாம். 1990ஆம் ஆண்டின் பின் பொருளாதாரத் தடை இறுகியபோது, யாழ்ப்பாணத்து ஒஸ்டின்களையும் மொறிஸ் மைனர்களையும் மண்ணெண்ணெயிலே ஓட வைத்தவர் யார்? சொட்டுப் பெற்றோலால் இயந்திரத்தை உயிர்ப்பித்து நோயாளியையும் கர்ப்பிணியையும் ஆஸ்பத்திரி சேர்த்த கைகள் யாருடையவை? எந்தச் சர்வதேச நிறுவனத்தின் பொறியியலாளரும் அன்று வரவில்லை. எமது கராஜ் தொழிலாளரே செய்தனர். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் கார்களுக்கு 2025இல் மீண்டும் வழி திறக்கும் வரை, நாடு முழுவதும் பழைய வண்டிகளைக் காத்ததும் அத்தகைய கைகளே.

அத்தகைய திறன் அரசாங்கத்தின் ஏட்டிலே ஏறுவதற்குத் தெளிவான வாயில் வேண்டும். 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டத்தை நடத்தும் உத்தியோகத்தருக்கு நாம் கூறுவது இதுவே: கையால் கட்டிய வண்டிக்கும் மாற்றியமைத்த வண்டிக்கும் எழுத்திலே வகுத்த பரிசோதனை வேண்டும், எவருக்கும் விளங்கும் கட்டணமும் தவணையும் வேண்டும், மறுத்தால் காரணத்தை விண்ணப்பதாரியின் மொழியிலேயே எழுதித் தருதல் வேண்டும். சோதனை கடுமையாக இருக்கட்டும். தேறாத வண்டி தெருவுக்கு வரவே வேண்டாம். தேறிய வண்டியையோ, அதைப் பெற்றது தொழிற்சாலையன்று, கொட்டில் என்பதற்காகத் தள்ளி வைத்தல் தகாது.