பழைய மோட்டார் சைக்கிளை மதிப்பிட வேண்டிய நாள் எது?

சங்கரன்கோவில் வட்டாரக் கிராமங்களில் பழைய புல்லட், ராஜ்தூத், எஸ்டி மோட்டார் சைக்கிள்களை இன்றும் காணலாம். பருத்தி நல்ல விலைக்குப் போன வருஷத்தில் தகப்பனார் வாங்கியதாக இருக்கும்; மகன் அதிலேயே பூக்கூடையைக் கட்டிக்கொண்டு விடியுமுன் மார்க்கெட்டுக்குப் போகிறார். புளியங்குடிக்கு எலுமிச்சை மூட்டையும், ஊருக்கு உர மூட்டையும் அதிலேதான். இந்த வண்டிகளுக்கு இரண்டு விலை உண்டு. இரும்புக் கடைக்காரர் சொல்வது ஒன்று. பழைய வண்டிப் பிரியர்கள் மதுரையிலிருந்தும் சென்னையிலிருந்தும் வந்து கேட்பது மற்றொன்று. விபத்து நடந்துவிட்டால் இன்ஷூரன்ஸ் கம்பெனி இவற்றில் எந்த விலையைக் கணக்கில் கொள்ளும் என்பதைப் பெரும்பாலான விவசாயிகள் யோசிப்பதில்லை.

ராஜபாளையம் சாலையில் லாரி உரசிப் புல்லட் ஒன்று பள்ளத்தில் விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். முன் ஃபோர்க் வளைந்து, ரிம் நெளிந்து, டேங்க் நசுங்கிவிட்டது. கம்பெனி அனுப்பும் சர்வேயர் வருகிறார். "இது அந்தக் காலத்து வார்ப்பிரும்பு எஞ்சின், இன்று கிடைக்காது, போன மாதம்தான் அறுபதாயிரத்துக்குக் கேட்டார்கள்" என்று சொந்தக்காரர் விளக்குகிறார். சர்வேயர் காதில் வாங்கிக்கொள்வார். ஆனால் அவர் பார்ப்பது பாலிசியில் எழுதியிருக்கும் தொகையைத்தான். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் செய்த கதையாகிவிடுகிறது.

மாட்டுக்கு இன்ஷூரன்ஸ் செய்யும்போது இப்படி நடப்பதில்லை. கால்நடை மருத்துவர் நேரில் வந்து இனம், வயது, எத்தனையாவது ஈற்று, கறவை எவ்வளவு என்று பார்த்து விலை குறித்த பிறகுதான் காதில் வில்லை போடுகிறார்கள். மாடு இறந்தபின் விலை பேசுவதை எந்த விவசாயியும் ஒப்புக்கொள்ள மாட்டார். அதே விவசாயி வண்டிக்கு மட்டும், ஏஜெண்டு எழுதிக் கொடுத்த காகிதத்தைப் படிக்காமலே பெட்டியில் வைத்துவிடுகிறார்.

பாலிசியில் ஐ.டி.வி. என்ற மூன்று எழுத்துக்கு எதிரே ஒரு தொகை இருக்கும். வண்டி திருட்டுப் போனாலோ, முழுதும் சேதமானாலோ கிடைக்கக்கூடிய உச்சத் தொகை அதுவே. புது வண்டிக்கு இது சுலபமான கணக்கு. 2002-ஆம் ஆண்டு இந்திய மோட்டார் கட்டண விதிகள் வகுத்த அட்டவணைப்படி, முதல் 6 மாதத்துக்குள் விலையில் 5 சதவீதம் கழியும். படிப்படியாக ஏறி, நாலு முதல் ஐந்து வருஷ வண்டிக்கு 50 சதவீதம் கழியும். பிறகு கட்டணக் கட்டுப்பாடு நீங்கிவிட்டாலும் மதிப்புக் கணக்கு பெரும்பாலும் இந்த வழியிலேயே நடக்கிறது. ஐந்து வருஷத்துக்கு மேற்பட்ட வண்டிக்கும், தயாரிப்பு நின்றுபோன மாடலுக்கும் அட்டவணை இல்லை. கம்பெனியும் சொந்தக்காரரும் பேசி ஒப்புக்கொள்ளும் தொகையே மதிப்பு. விதி பேசச் சொல்கிறது, பேசுவோர்தான் இல்லை. தொகை குறைந்தால் பிரீமியம் குறையும் என்று ஏஜெண்டு ஏதோ ஒன்றை எழுதுகிறார். சொந்தக்காரரும் அதில் மகிழ்ந்துபோகிறார்.

அந்த மகிழ்ச்சிக்கு என்ன விலை என்பதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். மேலே சொன்ன புல்லட்டுக்கு இரும்புப் பாகங்கள் ரூ.16,000, டயர், டியூப், ரப்பர் சாமான் ரூ.2,000, கூலி ரூ.3,000 என்று வைத்துக்கொண்டால் பட்டறைச் செலவு ரூ.21,000. பத்து வருஷத்துக்கு மேற்பட்ட வண்டி என்பதால் இரும்புப் பாகங்களில் பாதி தேய்மானம் கழியும். ரப்பர் சாமானுக்கு வண்டியின் வயது எதுவானாலும் பாதிதான். கூலிக்குக் கழிவில்லை. ஆக, கம்பெனி ஒப்புக்கொள்ளும் சேதம் ரூ.12,000. ஐ.டி.வி. ரூ.60,000 என்று இருந்தால், சிறு கட்டாயக் கழிவு போக இந்தத் தொகை கிடைக்கும். வண்டியும் பழையபடி ஓடும்.

ஐ.டி.வி. ரூ.15,000 என்று இருந்தாலோ கதை வேறு. ரிப்பேர்ச் செலவு ஐ.டி.வி.யில் 75 சதவீதத்தைத் தாண்டினால் வண்டி முழுச் சேதம் என்றே கருதப்படும். பதினையாயிரத்தில் 75 சதவீதம் ரூ.11,250, பன்னிரண்டாயிரம் அதைத் தாண்டிவிட்டது. கம்பெனி வண்டியை எடுத்துக்கொண்டு ரூ.15,000 தரும். வண்டி வேண்டும் என்றால், நொறுங்கிய வண்டிக்கு ஒரு விலை போட்டு அதைக் கழித்துக்கொண்டு மீதியைத் தரும். ஆர்.சி.யை ரத்து செய்து வரச் சொல்வதும் உண்டு. ஆர்.சி. போன வண்டியைச் சரிசெய்து என்ன பயன்? அறுபதாயிரம் பெறும் வண்டி, பிரீமியத்தில் மிச்சம் பிடித்த சில நூறு ரூபாய்க்காகக் கைவிட்டுப் போகிறது.

இதற்காக ஒரு லட்சம் என்று எழுதிக் கேட்பதும் சரியல்ல. ரிப்பேருக்கு அதனால் ஒரு ரூபாயும் கூடுதலாக வராது, பிரீமியம்தான் ஏறும். இன்றைய நிலையில் ஊரில் விற்றால் என்ன கிடைக்குமோ அதுவே நியாயமான தொகை. அதற்கு அத்தாட்சி வேண்டும். வண்டியின் நான்கு பக்கமும், எஞ்சின் எண்ணும் சேஸிஸ் எண்ணும் தெரியப் போட்டோ எடுத்துக்கொள்ள வேண்டும். எஞ்சின் இறக்கி வேலை பார்த்த பில், சென்னை புதுப்பேட்டையில் சாமான் வாங்கிய ரசீது எதையும் தூக்கிப் போடக் கூடாது. மைசூரில் எஸ்டி செய்த ஐடியல் ஜாவா தொழிற்சாலை 1996-ல் மூடப்பட்டுவிட்டது. 2022-ல் அதே பெயரில் வந்த புது வண்டிகளின் பாகம் பழையதற்குப் பொருந்தாது. இப்படிப்பட்ட வண்டிக்குச் சாமான் விலையைக் காட்டப் பழைய ரசீதுதான் துணை. அனுபவமுள்ள மெக்கானிக்கிடமோ, மோட்டார் மதிப்பீட்டாளரிடமோ மதிப்பை எழுதி வாங்கி, கம்பெனிக் கிளையில் கொடுத்து, அந்தத் தொகையே பாலிசியில் வந்திருக்கிறதா என்று பார்த்துத்தான் பணம் கட்ட வேண்டும்.

பலரிடம் இருப்பது மூன்றாம் நபர் பாலிசி மட்டுமே. எதிரே வந்தவருக்கு நேர்ந்த நஷ்டத்துக்கு அது பொறுப்பேற்கும். சொந்த வண்டிக்குக் காலணா தராது. ஓட்டுபவருக்கே ஆபத்து நேர்ந்தால் ரூ.15 லட்சம் வரை தரும் சொந்தக்காரர் விபத்துக் காப்பு சேர்ந்திருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். வண்டியைவிட அது முக்கியம். செல்லுபடியாகும் லைசென்ஸ் இல்லாமல் அதைக் கேட்க முடியாது.

ஐம்பது வருஷம் கடந்த வண்டிக்காரர்களை 'விண்டேஜ்' பதிவு செய்யச் சொல்லி நண்பர்கள் தூண்டுவார்கள். 2021 ஜூலையில் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி அதற்குத் தனி எண் உண்டு. புதுப் பதிவுக்கு ரூ.20,000 கட்டணம். ஆனால் அந்த வண்டியைக் கண்காட்சிக்கும் பழைய வண்டி ஊர்வலத்துக்கும் கொண்டுபோகலாமே தவிர, அன்றாடம் ஓட்டக் கூடாது. பூக்கூடை ஏற்றுகிறவருக்கு அது ஆகாது. அவர் 15 வருஷத்துக்குப் பிறகு ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை ஆர்.சி.யைப் புதுப்பித்து வந்தால் போதும். அதைத் தவறவிட்டால் நஷ்ட ஈட்டிலும் தகராறு வரும்.

குறை முழுவதும் விவசாயியுடையது அல்ல. பழைய வண்டி என்றதும் மூன்றாம் நபர் பாலிசியோடு அனுப்பிவிடும் வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. கார்களில் 1940-க்கு முந்தியவற்றுக்கு ஒப்புக்கொண்ட மதிப்பையே தேய்மானமின்றித் தர 2002 விதிகளில் இடம் வைத்தார்கள். பணக்காரர் ஷெட்டில் நிற்கும் காருக்குக் கிடைத்த அந்த மரியாதை, உழைக்கிற மோட்டார் சைக்கிளுக்குக் கிடைக்கவில்லை. கால்நடை முகாம் போல, சந்தை கூடும் நாளில் ஒரு சர்வேயரை உட்காரவைத்துப் பழைய வண்டிகளைப் பார்த்து மதிப்பு எழுதிக் கொடுப்பது பொதுத்துறைக் கம்பெனிகளுக்கு முடியாத காரியமல்ல.

அதுவரை, விபத்து நேர்ந்துவிட்டால் உடனே கம்பெனிக்குத் தகவல் சொல்ல வேண்டும். சர்வேயர் பார்க்குமுன் பட்டறையில் வண்டியைப் பிரிக்கவிடக் கூடாது. கழற்றிய பழைய பாகங்களையும் பத்திரப்படுத்த வேண்டும். சர்வேயர் அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்கலாம். தொகை நியாயமில்லை என்று தோன்றினால் முதலில் கம்பெனிக்கே எழுத்தில் புகார் தர வேண்டும். ஒரு மாதத்துக்குள் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தியில்லை என்றாலோ, ஒரு வருஷத்துக்குள் சென்னையிலுள்ள இன்ஷூரன்ஸ் ஆம்புட்ஸ்மனுக்கு மனுச் செய்யலாம். கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை.