நிறுத்துப் பார்த்தா செவிலியரை எடுப்பது?

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், விக்டோரியா நகரிலுள்ள சிட்டிசன்ஸ் மெடிக்கல் சென்டர் என்ற மருத்துவமனை 2011-இல் ஒரு விதி போட்டது. உடல் நிறைக் குறியீடு, அதாவது பிஎம்ஐ, 35-க்குக் குறைவாக இருந்தால்தான் வேலை. ஐந்தடி ஐந்தங்குல உயரமுள்ளவர் ஏறத்தாழ 95 கிலோவைத் தாண்டினால் படிப்பு, அனுபவம், உரிமம் எதுவும் செல்லாது. மருத்துவப் பணியாளர் என்றால் மனத்தில் ஒரு தோற்றம் வருமாம். அதற்குப் பொருந்த வேண்டுமாம். நோயாளிகளில் பெரும்பாலோர் 65 வயதைக் கடந்தவர்கள், அவர்களுக்கென்று சில எதிர்பார்ப்புகள் உண்டு என்று மருத்துவமனைத் தலைவர் விளக்கமும் கொடுத்தார்.

வேடிக்கை என்னவென்றால், ஏற்கெனவே பணியில் இருப்பவர் பருமனானால் அவரை வீட்டுக்கு அனுப்ப மாட்டார்கள். பருமன் நோயாளிக்குக் கெடுதல் என்றால் உள்ளே இருப்பவரால் மட்டும் அந்தக் கெடுதல் வராதா? 2012-இல் செய்தி வெளியாகிக் கண்டனம் எழுந்ததும் மருத்துவமனை அந்த விதியைக் கைவிட்டது. கைவிடச் செய்தது ஊர்வாய்தான். உடல் எடையைக் காரணம் காட்டி வேலை மறுப்பதைத் தடுக்கும் சட்டம் டெக்சாஸில் இல்லை.

எழுதி வைத்ததால் அந்த மருத்துவமனை மாட்டிக்கொண்டது. எழுதாமலேயே இதைச் செய்பவர்களை என்ன செய்வது? ஒஹையோவின் பௌலிங் கிரீன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உளவியல் மேற்படிப்புக்கு விண்ணப்பித்தவர்களைத் தொடர்ந்து கவனித்து 2013-இல் வெளியிட்ட முடிவு இதற்கு நல்ல சாட்சி. நேர்முகத் தேர்வில் உட்கார்ந்த பருமனானவர்களுக்கு இடம் கிடைப்பது குறைந்தது. பெண்களுக்கு இன்னும் குறைந்தது. தொலைபேசியில் தேர்வு நடந்தபோதோ அந்த வித்தியாசம் ஏறக்குறைய காணாமல் போனது. அவர்களுக்கு வந்த பரிந்துரைக் கடிதங்களிலும் குறை ஒன்றுமில்லை. அறைக்குள் ஆள் நுழைந்த பிறகுதான் மதிப்பெண் இறங்குகிறது.

உள்ளே இடம் கிடைத்தாலும் கதை முடிவதில்லை. ரோட் ஐலண்ட் மாநிலத்தின் சால்வே ரெஜினா கல்லூரி 1982-இல் ஒரு பெண்ணைச் சேர்த்துக்கொண்டது. தன் எடையை விண்ணப்பத்திலேயே எழுதியிருந்தார். சுமார் 127 கிலோ. அன்று யாருக்கும் அது உறுத்தவில்லை. இரண்டாம் ஆண்டில் செவிலியர் வகுப்புகள் தொடங்கியதும் உறுத்தியது. பருமனான நோயாளியை எப்படிக் கவனிப்பது என்று சக மாணவிகளுக்குக் காட்ட, அவரையே மாதிரியாக நிறுத்தினார்கள். பிறகு வாரம் இரண்டு பவுண்டு குறைக்க வேண்டும், எடை குறைப்பு மையத்துக்குப் போய்வந்ததற்கு ஆதாரம் தர வேண்டும் என்று ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள். எடை சொன்னபடி இறங்கவில்லை. 1985-இல் வெளியேறச் சொன்னார்கள். வேறு கல்லூரியில் ஓர் ஆண்டைத் திரும்பப் படித்து, 1987-இல் முடித்து, பதிவு பெற்ற செவிலியராக வேலையும் பார்த்தார். அதாவது, அவரால் முடியாது என்று கல்லூரி சொன்ன வேலையை!

அவர் தொடுத்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. அவர் பெயரால் ரஸ்ஸல் வழக்கு என்று சட்ட மாணவர்கள் இன்றும் படிக்கிறார்கள். அவருக்குக் கிடைத்தது சுமார் 30 ஆயிரம் டாலர், அதுவும் கல்லூரி தன் மாணவியுடனான ஒப்பந்தத்தை மீறியது என்ற கணக்கில். எடையை வைத்து ஒருவரை ஒதுக்குவது குற்றம் என்று எந்த நீதிமன்றமும் அந்த வழக்கில் சொல்லவில்லை.

அதே ரோட் ஐலண்டில் அரசுப் பராமரிப்பு இல்லம் ஒன்றில் இரண்டு முறை வேலை பார்த்து நல்ல பெயர் எடுத்த பெண், 1988-இல் மூன்றாம் முறை விண்ணப்பித்தபோது எடையைச் சொல்லித் திருப்பி அனுப்பப்பட்டார். அவசரத்தில் நோயாளிகளை வெளியேற்ற இயலாதாம், விடுப்பு அதிகம் எடுப்பாராம். அவரை முறையாகப் பரிசோதித்த செவிலியரோ பணிக்குத் தகுதி என்றே கூறியிருந்தார். அவர் தொடுத்த வழக்கில் கிடைத்த ஒரு லட்சம் டாலர் இழப்பீட்டை 1993-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் உறுதிசெய்தது. ஆனால், பருமனை மட்டும் உடற்குறையாக ஏற்க முடியாது என்று பின்னாளில் பல கூட்டாட்சி நீதிமன்றங்கள் சொல்லிவிட்டதால் இந்தத் தீர்ப்பு பரவலான பாதுகாப்பாக மாறவில்லை.

மறுதரப்பின் வாதத்தை ஒதுக்கிவிட முடியாது. செவிலியர் பணி உடலை வாட்டும் பணி. நோயாளியைத் தூக்க வேண்டும், புரட்ட வேண்டும், ஓட வேண்டும். உண்மைதான். அப்படியானால் அதையே சோதிக்கலாமே! இதயம் நின்றவரின் மார்பை நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, குறைந்தது 5 செ.மீ. ஆழத்துக்கு அழுத்த வேண்டும். பயிற்சிப் பொம்மையின் மேல் இரண்டு நிமிடம் அழுத்தச் சொன்னால் யாரால் முடியும், யாரால் முடியாது என்பது தெரிந்துவிடும். ஒல்லியான கையும் அங்கே சோர்ந்து போகலாம். பிஎம்ஐ இதில் எதையும் சொல்லாது. 2023-இல் அமெரிக்க மருத்துவச் சங்கமே அந்தக் குறியீட்டின் குறைகளை ஒப்புக்கொண்டு, அதை மட்டும் நம்ப வேண்டாம் என்று மருத்துவர்களுக்குச் சொன்னது.

'நோயாளிக்கு முன்னுதாரணமாக இருக்க வேண்டாமா' என்ற கேள்வியும் எழும். 2009-இல் ரெஜினா பெஞ்சமினை அமெரிக்காவின் தலைமைச் சுகாதார அதிகாரியாக ஒபாமா முன்மொழிந்தபோது இதே கேள்விதான் எழுந்தது. அலபாமாவின் மீனவ ஊரொன்றில் ஏழைகளுக்காக அவர் நடத்திய மருத்துவமனை கத்ரீனா புயலில் சிதைந்தது, மறுபடி கட்டினார், தீயில் எரிந்தது, மறுபடியும் கட்டினார். தொலைக்காட்சி விவாதங்களில் சிலருக்குத் தெரிந்தது அவருடைய உடல்வாகு மட்டும்!

இங்கிலாந்தில் செவிலியரில் நான்கில் ஒருவர் பருமனானவர் என்று 2017-இல் வெளியான ஆய்வு கூறுகிறது. இரவுப்பணி, நேரம் தப்பிய சாப்பாடு, ஓயாத மன அழுத்தம் ஆகியவையும் உடலைப் பெருக்கவைப்பவை. வேலையே கொடுத்த எடையைக் காட்டி வேலையை மறுப்பது என்ன நியாயம்? பருமன் மீதான இந்த வெறுப்பின் விளைவு நோயாளியையும் சேர்கிறது. அமெரிக்காவின் 49 மருத்துவக் கல்லூரிகளில் முதலாண்டு மாணவர்கள் 4,732 பேரிடம் நடத்திய ஆய்வில், 67 விழுக்காட்டினர் பருமனானவர்கள் மீதான வெறுப்பை வெளிப்படையாகவே காட்டினார்கள். நாளை அவர்கள் முன் உட்காரும் பருமனான நோயாளிக்கு, மூட்டு வலிக்கும் மூச்சுத்திணறலுக்கும் ஒரே பதில்தான் கிடைக்கும்: 'முதலில் எடையைக் குறைங்க.'

மிச்சிகன் மாநிலம் 1976-லேயே எடைப் பாகுபாட்டைச் சட்டத்தில் தடை செய்தது. நியூயார்க் நகரம் 2023-இல் செய்தது. இந்தியாவில் 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 வகைகளில் பருமன் இல்லை. செவிலியர் படிப்புக்கு இந்திய செவிலியர் கவுன்சில் கேட்பது 'மருத்துவத் தகுதி'. அந்தத் தகுதியில் எந்தெந்தப் பணிகள் அடங்கும், எப்படிச் சோதிக்கப்படும் என்று கவுன்சில் வெளிப்படையாக எழுதி வைக்க வேண்டும். நேர்முகத் தேர்வுக் குழுவுக்கு விண்ணப்பதாரரின் எடை தெரியத் தேவையில்லை. எடையைக் காரணம் காட்டி ஒருவரைத் திருப்பி அனுப்பும் கல்லூரியும் மருத்துவமனையும், எந்த வேலையை அவரால் செய்ய முடியவில்லை என்று எழுத்தில் தர வேண்டும்.