கோல்ட்ரேனுக்கு ஒரு காது, முகவீணைக்கு ஒரு காது

நம் எழுத்தாளர்கள் இரண்டு பேர் சேர்ந்து ஜாஸ் பற்றிப் பேச ஆரம்பித்தால் மூன்றாவது வாக்கியத்தில் மனோதர்மம் வந்துவிடும். 'எல்லாம் நம்ம ஆலாபனைதான் சார், அவன் இப்போதுதான் கண்டுபிடித்திருக்கிறான்.' சொல்பவர் முகத்தில் ஒரு திருப்தி. கோல்ட்ரேனைப் பாராட்டின மாதிரியும் ஆயிற்று, திருவையாற்றை விட்டுக்கொடுக்காத மாதிரியும் ஆயிற்று. எனக்கு இந்தத் திருப்தியோடுதான் சண்டை. கேட்காமலேயே கேட்டுவிட்டதாக நினைத்துக்கொள்ள நாம் கண்டுபிடித்திருக்கும் சௌகரியம் இது. இதற்கு ரசனை என்று பேர் வேறு.

சாட்சிக்கு எப்போதும் அழைக்கப்படுவது கோல்ட்ரேனின் 'இந்தியா'. 1961 நவம்பரில் நியூயார்க் வில்லேஜ் வேன்கார்டில் பதிவாகி 1963-ல் 'இம்ப்ரெஷன்ஸ்' தட்டில் வந்தது. கோல்ட்ரேன் ரவிசங்கரைக் கேட்டவர், 1965-ல் பிறந்த மகனுக்கு ரவி என்று பேர் வைத்தவர் என்பதெல்லாம் வாஸ்தவம். தட்டைப் போட்டுக் கேட்டால் என்ன கேட்கிறது? இரண்டு பாஸ்கள் அடியில் ஒரே இடத்தில் நின்று உறுமுகின்றன. எல்வின் ஜோன்ஸின் டிரம்ஸ் பக்கவாத்தியமாக அடங்கி உட்காரவில்லை, எதிர்க்கட்சி வக்கீல் மாதிரி குறுக்கே குறுக்கே பேசுகிறது. கோல்ட்ரேனின் சோப்ரானோ சாக்ஸபோன் சிறியதொரு சொற்கட்டை எடுத்துத் திருகித் திருகி, கடைசியில் அது கூவலாகிறது. டால்ஃபியின் பாஸ் கிளாரினெட் அந்தக் கூவலுக்குக் கீழிருந்து செருமுகிறது. ஆரோகண அவரோகணம் தேடுபவருக்கு இங்கே ஏமாற்றம்தான். ஒரு ஸ்வரம் தன் உடம்பை எவ்வளவு தூரம் கிழித்துக்கொண்டு இன்னும் ஸ்வரமாக இருக்க முடியும் என்று பார்க்கிற காரியம் அங்கே நடக்கிறது. அதே வாரத்தில் பதிவான வேறு வாசிப்புகள் 1997-ல் முழுத் தொகுப்பில் வெளிவந்தன. அவற்றில் சிலவற்றில் கார்வின் புஷெல் ஓபோ வாசிக்கிறார். ஓபோ இரட்டைச் சீவாளிக் கருவி, நாகஸ்வரத்தின் தூரத்து உறவு. தன் இந்தியாவுக்கு கோல்ட்ரேன் கூட்டிவந்தவர்களில் ஒரு சீவாளிக்காரர் இருந்தார் என்பது நம் மனோதர்மக்காரர்கள் காதில் விழவில்லை. விழுந்திருந்தால் பேச்சு சபாவிலிருந்து தெருவுக்குப் போயிருக்கும். அதுதான் சங்கடம்.

இந்திய ஜாஸ் என்று வந்த தட்டுகளையும் இந்தக் காதை வைத்துத்தான் எடை போட வேண்டும். ஜான் மேயரும் ஜோ ஹாரியட்டும் 1966-ல் கொண்டுவந்த 'இண்டோ ஜாஸ் ஸூட்' எனக்கு சம்பந்தி விருந்து மாதிரி. இரண்டு வீட்டாரும் எதிரெதிர்ப் பந்தியில் மரியாதையாக உட்கார்ந்து சாப்பிட்டு எழுந்துபோகிறார்கள். சக்தி விஷயம் வேறு. 1975 ஜூலையில் மேடையில் பதிவான அவர்களுடைய முதல் தட்டில் விக்கு வினாயக்ராமின் கடமும் ஸாகிர் ஹுஸேனின் தபலாவும் மக்லாஃப்லினையும் எல். ஷங்கரையும் துரத்துவதைக் கேட்டு நான் எழுந்து நின்றிருக்கிறேன். ஆனாலும் எத்தனை முறை கேட்டாலும் ஒரு வறட்சி. தந்தியும் தோலும் மண்ணும் இருக்கின்றன, மூச்சு இல்லை. அந்த சக்தியில் ஊதுகிறவர் ஒருவருமில்லை. வேகம் உச்சத்துக்குப் போகிறது, தொண்டை கிழிவதில்லை.

ஊதுகிறவர்களில் சார்லி மரியானோவைச் சொல்ல வேண்டும். பாஸ்டன்காரர், 1960களில் மலேசியாவில் நாகஸ்வரத்தைக் கேட்டுப் பிடித்துப்போய், பிறகு தென்னிந்தியாவுக்கு வந்து கற்றுக்கொண்டவர். 1976-ல் வந்த 'ஹெலன் ட்வெல்வ் ட்ரீஸ்' தட்டில் நாகஸ்வரம் வாசிக்கிறார். நம் நாகஸ்வரக்காரர்கள் முன்னால் அது மழலைதான். 1983-ல் ஆர்.ஏ. ராமமணியின் குரலோடும் டி.ஏ.எஸ். மணியின் குழுவோடும் செய்த 'ஜ்யோதி' அதைவிட எவ்வளவோ சுத்தமான தட்டு. என்றாலும் எனக்கு அந்த மழலைதான் உசத்தி. அறியாத கருவி முன்னால் வித்வத்தைக் கழற்றி வைத்துவிட்டுத் திணறுகிற ஒரு மனிதனின் மூச்சு அதில் இருக்கிறது. 'எல்லாம் எங்களுடையதுதான்' என்கிற நம்மவர்கள் யாரும் இப்படித் திணறத் தயாரில்லை.

இதையெல்லாம் செஞ்சியில் உட்கார்ந்துகொண்டு சொல்ல எனக்கு என்ன யோக்யதை? சொல்கிறேன், அது பெருமைப்படும்படியான கதை இல்லை. நான் ஜாஸ் கேட்கக் கற்றுக்கொண்டது சிற்றலை ரேடியோவில். வாய்ஸ் ஆஃப் அமெரிக்காவில் 1955-லிருந்து வில்லிஸ் கோனோவர் நடத்திவந்த நிகழ்ச்சி. எலிங்டனின் 'டேக் தி ஏ டிரெயின்' முகப்பு இசையாக வரும். பிறகு அந்த நிதானமான, ஒவ்வொரு சொல்லாக எடுத்துவைக்கும் குரல். ரயிலே இல்லாத ஊரில் அந்த ரயிலுக்காக இரவெல்லாம் காத்திருந்தேன். சித்திரை வைகாசியில் மட்டும் ஒரு தொந்தரவு. திரௌபதி அம்மன் கோயிலில் கூத்து. சாமம் வந்தால் ஒலிபெருக்கியில் முகவீணை வீறிட ஆரம்பிக்கும். ஜன்னலைச் சாத்திக்கொண்டு, கோனோவர் குரலை ஏற்றி வைத்துக்கொண்டு, இந்த ஊரைச் சபித்திருக்கிறேன். ஒரு வருஷம் இரண்டு வருஷம் இல்லை.

அந்த ஜன்னலைத் திறந்துவிட்டவர் ஆல்பர்ட் அய்லர். அவருடைய 'ஸ்பிரிச்சுவல் யூனிட்டி' (1964) பம்பாய் நண்பர் ஒருவர் பதிவு செய்து அனுப்பிய கேசட்டில் வந்தது. 'கோஸ்ட்ஸ்' என்கிற துண்டு. குழந்தைகள் பாடுகிற மாதிரி ஒரு எளிய மெட்டு. அதை அவர் டெனர் சாக்ஸபோனில், நடுங்குகிற, அகலமான, அழுகையா சிரிப்பா என்று தெரியாத குரலில் ஊதுகிறார். பிறகு மெட்டு சிதறிக் குரல் மட்டும் மிஞ்சுகிறது. முதல் தடவை ஐந்து நிமிஷத்தில் நிறுத்திவிட்டேன். ஆனால் இது எங்கோ கேட்ட குரல் என்கிற உறுத்தல் போகவில்லை. விடை செஞ்சிக்குப் பக்கத்தில் மேலச்சேரியில் கிடைத்தது, அந்த வைகாசியில். இந்தப் பக்கத்து ஜனங்கள் திரௌபதிக்கு ஆதி கோயில் என்று சொல்லும் ஊர். களரி கட்டும்போதே போய் வாத்தியக்காரர்கள் பெஞ்சுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டேன். முகவீணை ஒரு முழத்துக்கும் குறைந்த குழல். துச்சாதனன் துகிலைப் பிடிக்கிற இடத்தில் திரௌபதி வேஷக்காரர் உச்சத்தில் குரலெடுத்தார். குரல் உடைந்தது. உடைந்த இடத்திலிருந்து முகவீணை எடுத்துக்கொண்டது. சுருதிக்கு ஒரு நூல் மேலே, பிசிறோடு, நடுங்கிக்கொண்டு. மத்தளம் தாளத்தை விட்டு விலகி அதை முட்டியது. அய்லர் எங்கே வாசித்தார் என்பது எனக்கு அப்போது தெரிந்தது. இத்தனை வருஷம் எதன் மேல் ஜன்னலைச் சாத்தினேன் என்பதும்.

இப்போது நம் வட்டத்துக்கு வருகிறேன். கூத்தை நாம் அறியாதவர்கள் இல்லை. ந. முத்துசாமி எழுதினார், 1977-ல் கூத்துப்பட்டறை வந்தது, புரிசை கண்ணப்ப தம்பிரானை நகரத்து நாடகக்காரர்கள் தேடிப் போனார்கள். சிறுபத்திரிகை உலகம் செய்த மரியாதையான காரியங்களில் அது ஒன்று. ஆனால் அந்தக் கண்டுபிடிப்பைக் கண்ணால்தான் செய்தோம். அடவைப் பார்த்தோம், கட்டைக் கிரீடத்தைப் பார்த்தோம், கட்டியக்காரன் காலத்தை உடைப்பதைப் பார்த்து பிரெக்ட் என்றோம். காது மட்டும் சபாவிலேயே தங்கிவிட்டது. முகவீணைக்கு நம் கட்டுரைகளில் கிடைத்தது பக்கவாத்தியப் பட்டியலில் ஒரு பேர். வாசித்தவர் பேர்கூட அநேகமாகக் கிடையாது. ஜாஸ் தட்டின் பின்னட்டையில் பாஸ் வாசித்தவன் பேரைத் தேடிப் படிக்கிற நாம், பத்தடி தூரத்தில் விடிய விடிய ஊதியவனை 'முகவீணைக்காரர்' என்று எழுதிவிட்டு பஸ் ஏறினோம்.

மனோதர்மம் என்கிற சொல் மறைக்கிற விஷயம் இங்கேதான் இருக்கிறது. ஜாஸ் என்பது வாசிப்பு முறை மட்டுமில்லை, யார் வாசித்தார்கள் என்பதும் சேர்ந்ததுதான். 1959 ஆகஸ்டில், 'கைண்ட் ஆஃப் ப்ளூ' வெளிவந்த சில நாட்களில், தன் பேர் போட்டிருந்த பேர்ட்லேண்ட் கிளப் வாசலில் நின்றதற்காக மைல்ஸ் டேவிஸ் போலீஸிடம் அடிபட்டு ரத்தத்தோடு நின்றார். இந்தச் சேதியைப் படித்து உருகுகிறவர்கள், நின்றுகொண்டே வாசிக்கப் பழக்கப்பட்ட ஒரு கூட்டத்திலிருந்து வந்து 'உட்கார்ந்துதான் வாசிப்பேன்' என்று பிடிவாதம் பிடித்த ராஜரத்தினம் பிள்ளையை (1898-1956) தலைக்கனம் என்று பேசி சிரிப்பதைக் கேட்டிருக்கிறேன். அந்தத் தோடிக்கு மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி கிடைக்கவில்லை. பிற்பாடு கத்ரி கோபால்நாத்தின் சாக்ஸபோனுக்கு சபாக்கள் கதவு திறந்தன. திறந்தது நல்லதே. அவரும் நாகஸ்வரக் குடும்பத்துப் பிள்ளை. ருத்ரேஷ் மகந்தப்பாவோடு அவர் செய்த 'கின்ஸ்மென்' (2008) தட்டில் இரண்டு ஆல்டோக்களும் ஒன்றையொன்று உரசும் இடங்களில் தெருவின் சூடு தெரிகிறது. சீமைப் பித்தளையில் வந்தால் புதுமை, ஆச்சா மரத்தில் வந்தால் கல்யாண வீட்டு இரைச்சல் என்கிற கணக்கை மட்டும் யாராவது எனக்கு விளக்கினால் தேவலை.

முகவீணையும் ஜாஸும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. சொன்னால் மனோதர்மக்காரர் செய்கிற மோசடியை மண்வாசனை பூசி நானும் செய்தவனாவேன். ஜாஸுக்கு ஹார்மனி உண்டு, ஒரே ஆள் இருபது நிமிஷம் தனியாக வாசிக்க இடமுண்டு. முகவீணைக்காரருக்குக் கிடைப்பது இரண்டு அடிகளுக்கு நடுவில் சில விநாடி, பாட்டுக்குப் பின்னால் நிழல் மாதிரி ஒரு ஓட்டம். அந்தச் சில விநாடியில் அவர் செய்வதைக் கேட்கத் தேவைப்படுகிற காதும் அய்லருக்குத் தேவைப்படுகிற காதும் ஒன்று என்பதுதான் என் கட்சி. சுத்தமான ஸ்வரத்தை மட்டும் சங்கீதம் என்று ஒப்புக்கொள்கிற காதுக்கு இரண்டும் கிடையாது. அந்தக் காதை வைத்துக்கொண்டு கோல்ட்ரேன் பேரைச் சொல்வது பாவனை.

கோல்ட்ரேனுக்கு அவகாசம் உண்டு. 1963-ல் பதிவாகித் தொலைந்துபோனது 2018-ல் தட்டாக வந்தது. 1961-ல் வில்லேஜ் கேட்டில் டால்ஃபியோடு வாசித்தது 2023-ல் வந்தது. இன்னும் வரும். சமீப வருஷங்களில் நான் பார்த்த ஜமாக்கள் பலவற்றில் பெஞ்சில் ஆர்மோனியம் இருக்கிறது, சிலவற்றில் கீபோர்டு இருக்கிறது, முகவீணை இருந்த இடத்தில் ஆளில்லை. மேலச்சேரியில் அன்று வாசித்தவர் இப்போது இல்லை. அவருடைய வாசிப்பு ஒரு நிமிஷம்கூட என்னிடம் பதிவாக இல்லை. கேசட் ரெக்கார்டர் என் மேஜை மேல்தான் இருந்தது. அதில் அய்லர் ஓடிக்கொண்டிருந்தார்.

ஆகவே மனோதர்மக் கட்டுரையை அடுத்து எழுதப்போகிறவருக்கு என் வேண்டுகோள் சின்னது. ஒரு ராத்திரி களரி கட்டுவதிலிருந்து விடிகிறவரை வாத்தியக்காரர்கள் பெஞ்சுப் பக்கம் உட்காருங்கள். முகவீணை இருக்கிற ஜமாவாகப் பார்த்து உட்காருங்கள். வாசிக்கிறவர் பேரைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அதற்கப்புறமும் எழுதத் தோன்றினால் எழுதுங்கள், பதில் சொல்கிறேன்.